காஸ்டர்: பிக்கப் வண்டியின் முன் சக்கரமும் அதன் 'பின்சாய்வும்'

வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து சரிசெய்வது, முடிந்ததும் கையில் கொடுக்கிற தாளில் மூன்று பெயர்கள் இருக்கும்: டோ, கேம்பர், காஸ்டர். டயர்கள் முன்பக்கம் உள்ளே பார்க்கின்றனவா, வெளியே பார்க்கின்றனவா என்பது டோ. வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் டயரின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது கேம்பர். இரண்டையும் ஓட்டுநர்கள் ஓரளவு சொல்லிவிடுவார்கள். காஸ்டர் மட்டும் கண்ணில் படாது. டயரையும் அது நேரடியாக அதிகம் தின்னாது. அதனாலேயே பல இடங்களில் டோவை மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுகிறார்கள். பாரம் ஏற்றி ஓடும் பிக்கப்புக்கு இது போதவே போதாது. காஸ்டர் என்றால் என்ன என்று பார்த்துவிட்டு, கடைசியில் அதற்கு ஒரு தமிழ்ச்சொல்லும் தேடுவோம்.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முன் சக்கரம் ஓர் அச்சைச் சுற்றித்தான் திரும்புகிறது. பழைய வண்டிகளில் அது கிங் பின் என்ற உலோகத் தண்டு. இன்றைய பிக்கப்புகள் பலவற்றில் சக்கரத்தைத் தாங்கும் இரண்டு பந்து மூட்டுகளை, அதாவது மேல் பால் ஜாயின்ட்டையும் கீழ் பால் ஜாயின்ட்டையும், இணைக்கும் கற்பனைக் கோடு. வண்டியின் பக்கவாட்டில் நின்று பார்த்தால் இந்தக் கோடு செங்குத்தாக இருக்காது. தலை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். செங்குத்திலிருந்து அது சாயும் கோணம்தான் காஸ்டர். தலை பின்னால் சாய்ந்தால் பாசிட்டிவ், முன்னால் சாய்ந்தால் நெகட்டிவ்.

சைக்கிளில் இதை நேராகவே பார்க்கலாம். ஹேண்டில்பார் தண்டு சாய்ந்து இறங்குகிறதல்லவா? அந்தக் கோட்டைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். டயர் எப்போதும் அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் வரும். பின்னால் இழுபட்டு வருகிற எதுவும் இழுக்கிற திசைக்கே நேராகத் திரும்பும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சொல்லின் பிறப்பும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஆங்கிலத்தில் 'காஸ்ட்' என்பது எறிவதைக் குறிக்கும் வினை. பழைய நார்ஸ் மொழியின் 'காஸ்டா'விலிருந்து வந்தது. அதற்குத் திரும்புதல், திசை மாறுதல் என்ற பொருளும் உண்டு. அதிலிருந்து, எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய நாற்காலிக்கால் சக்கரத்துக்குக் காஸ்டர் என்ற பெயர் 18ஆம் நூற்றாண்டில் வழக்கில் இருந்தது. கேக் செய்பவர்கள் வாங்கும் காஸ்டர் சுகரும் அதே வினையிலிருந்து வந்ததுதான். அங்கே எறிதல் தூவுதலாகிவிட்டது. ஆமணக்கைக் குறிக்கும் 'காஸ்டர்' மட்டும் வேறு. சக்கரத்தையும் சிலர் அதே எழுத்துக்கூட்டில் எழுதுவதால், இரண்டும் ஒன்றோ என்று தோன்றும். உறவு ஒன்றும் இல்லை.

நாற்காலிச் சக்கரத்தின் தண்டு நேராகவே நிற்கும். சக்கரம் மட்டும் தண்டுக்குப் பின்னால் தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். வண்டியில் தண்டையே சாய்த்துவிடுகிறார்கள். வழி வேறு, விளைவு ஒன்று. அந்த விளைவை வைத்துத்தான் வண்டியின் கோணத்துக்கும் காஸ்டர் என்று பெயர் போயிற்று. ஆகவே அந்தப் பெயரில் சாய்வு என்ற பொருளே கிடையாது. தமிழ்ச்சொல் தேடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

சரி, பிக்கப்புக்கு வருவோம். டொயோட்டா ஹைலக்ஸை எடுத்துக்கொள்ளலாம். முன்னால் டபுள் விஷ்போன் அமைப்பு, அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு கைகள் தாங்கும். கீழ்க் கை சேஸிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேரும் இரண்டு இடங்களிலும் கேம் போல்ட் இருக்கும், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. போல்ட்டின் தலையில் மையம் விலகிய வட்டத் தகடு. அதில் கோடுகள் செதுக்கியிருக்கும். போல்ட்டைச் சுற்றினால் கையின் அந்த முனை உள்ளே போகும் அல்லது வெளியே வரும். இரண்டையும் ஒரே பக்கம் நகர்த்தினால் கேம்பர் மாறும். எதிரெதிர்ப் பக்கம் நகர்த்தினால் காஸ்டர் மாறும். முன் முனையை உள்ளேயும் பின் முனையை வெளியேயும் தள்ளினால் கீழ் பால் ஜாயின்ட் முன்னால் நகரும். அதாவது அச்சின் தலை ஒப்பளவில் பின்னால் சாயும், காஸ்டர் கூடும். குறைக்க, அப்படியே மாற்றிச் செய்ய வேண்டும்.

தளர்த்துவதற்கு முன் தகடு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பெயின்ட்டால் குறித்துக்கொள்வது நல்லது. சேற்றிலும் மழையிலும் ஓடிய வண்டியில் போல்ட், கையின் முனையிலுள்ள ரப்பர் புஷ்ஷின் உள்குழாயோடு துருவேறிப் பிடித்துக்கொள்ளும். அப்போது அடித்துத் திருப்பப் பார்த்தால் புஷ் கிழிந்துவிடும். வெட்டி எடுத்துப் புது போல்ட் போடுவதே வழி. காற்றழுத்தம், பால் ஜாயின்ட் ஆட்டம், இரு பக்க உயரம் ஆகியவற்றைப் பார்க்காமல் தொடங்கினால் எல்லா வேலையும் வீண். காஸ்டரும் கேம்பரும் முடிந்த பிறகே டோவைத் தொட வேண்டும், ஏனென்றால் அவை நகர்ந்தால் டோவும் நகரும்.

காஸ்டரை அளப்பதும் தனி வேலை. சக்கரத்தைச் சுழலும் தட்டின் மேல் நிறுத்தி, 20 டிகிரி ஒரு பக்கம், பிறகு 20 டிகிரி மறுபக்கம் திருப்பி, இரண்டு நிலையிலும் கேம்பரைப் பார்ப்பார்கள். அந்த வித்தியாசத்தைக் கிட்டத்தட்ட ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் கிடைக்கும். மெஷின் இதைத் தானாகக் கணக்கிட்டுக்கொள்ளும். ஆகவே கடையில் உங்கள் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பாமலே தாள் வந்தால், காஸ்டரை அளக்கவில்லையா என்று தாராளமாகக் கேட்கலாம். தாளில் 2 டிகிரி 30 நிமிடம் என்றிருந்தால் அது 2.30 அல்ல, 2.5. டிகிரிக்கு 60 நிமிடம்.

இடது வலது வித்தியாசம் பொதுவாக அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். காஸ்டர் குறைந்த பக்கத்துக்குத்தான் வண்டி இழுக்கும். நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்திருப்பதால், இழுப்பைச் சமன்செய்ய இடது பக்கம் சிறிது கூடுதலாக வைப்பதுண்டு. அமெரிக்க விளக்கங்களில் வலது பக்கம் கூட்டச் சொல்லியிருப்பார்கள். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. அதைப் படித்துவிட்டு இங்கே அப்படியே செய்யக் கூடாது.

பிக்கப்புக்கே உரிய சங்கதி பாரம். ஹைலக்ஸின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம், 3,085 மில்லிமீட்டர். பின்பக்கம் 5 செ.மீ. அமுங்கினால் சேஸிஸ் ஏறத்தாழ 1 டிகிரி பின்னால் சாயும். காஸ்டரும் அந்த அளவுக்குக் கூடிவிடும். காலி வண்டியில் பிடித்த எண் பாரத்தோடு ஓடும்போது இருப்பதில்லை. முன்பக்கத்தை உயர்த்த லிஃப்ட் கிட் போட்டால் இதற்கு நேர்மாறு: கைகளின் கோணம் மாறுவதால் காஸ்டர் பெரும்பாலும் குறைந்து, வேகத்தில் வண்டி அலையும். முன்னாலும் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே ஆக்சிலும் பட்டை ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளில் கேம் போல்ட்டுக்கு வழியில்லை. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே ஆப்புத் தகடு வைத்துத்தான் சாய்வை மாற்றுவார்கள்.

இனி தமிழ்ச்சொல். 'சுழல் சக்கரம்' நாற்காலிக்குப் பொருந்தும், கோணத்துக்குப் பொருந்தாது. வெறும் 'சாய்வுக் கோணம்' என்றால் கேம்பரும் சாய்வுதானே என்ற கேள்வி வரும். என் தேர்வு 'பின்சாய்வு'. பாசிட்டிவ் காஸ்டருக்குப் பின்சாய்வு, நெகட்டிவுக்கு முன்சாய்வு, பொதுவாகச் சொல்ல 'அச்சின் முன்பின் சாய்வு'. கூட்டல் கழித்தல் குறியை நினைவில் வைத்துக் குழம்ப வேண்டியதில்லை; தலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. முன்னால் நின்று பார்த்தால் கிங் பின் உள்பக்கம் சாய்வதை 'அச்சின் உட்சாய்வு' என்றும், கேம்பரை 'சக்கரச் சாய்வு' என்றும் பிரித்துக்கொண்டால், சாய்வது அச்சா சக்கரமா என்பதிலும் தெளிவு இருக்கும்.

கடையில் காஸ்டர் என்றே சொல்லுங்கள், அங்கே அதுதான் புரியும். பயிற்சிப் பாடத்திலும் வண்டிக் கையேட்டிலும் 'பின்சாய்வு 3 டிகிரி' என்று எழுதலாம். புதிதாகத் தொழில் படிக்க வருகிற பிள்ளைக்குப் படம் போடாமலே பாதி விளங்கிவிடும்.