பழசுக்கு யாரு வைரஸ் எழுதப் போறா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறேன். பக்கத்துத் தோட்டத்துக் கிராணிமார் (கணக்கர்கள்) அடிக்கடி கேட்பது இதுதான்: "இது விண்டோஸ் எக்ஸ்பி தம்பி, ரொம்பப் பழசு. இதுக்கு இப்ப யாரு வைரஸ் எழுதப் போறா?"

புதிதாக யாரும் எழுத வேண்டாம். அன்றைக்கு எழுதியதே இன்னும் பென்டிரைவ்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. எக்ஸ்பிக்கான ஆதரவை, அதாவது பாதுகாப்பு அப்டேட்களை, 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது.

ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலை லாரிகளை எடை போடும் இடத்தில் அப்படி ஒரு கம்ப்யூட்டர். இணையம் கிடையாது, ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் மட்டும். பல வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. பழசு என்பதால்தான் பத்திரம் என்று கிராணி ஐயா நம்பினார். உண்மையில் அதைக் காப்பாற்றியது வெளியுலகத் தொடர்பு இல்லாததுதான்.

ஒரு மாதக் கடைசியில், டவுனில் அச்சுக்கடைக்குப் போய்வந்த பென்டிரைவை அதில் செருகினார்கள். மறுநாள் நான் பார்த்தபோது, ஃபோல்டர் ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அசல் ஃபோல்டர்களை வைரஸ் மறைத்துவிட்டு, போலிக் குறுக்குவழிகளை வைத்திருந்தது. மறைத்ததோடு விட்டதால் மாதக் கணக்கு முழுவதையும் மீட்க முடிந்தது. பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வகையாக இருந்திருந்தால் என்னாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

பென்டிரைவைச் செருகியதும் நிரல் தானாக ஓடும் வசதியை 2011 பிப்ரவரியிலேயே அப்டேட் மூலம் மைக்ரோசாஃப்ட் முடக்கியது. இணையமே பார்க்காத இந்தக் கம்ப்யூட்டருக்கு அது வந்து சேரவே இல்லை.

அமெரிக்க அணு ஏவுகணைப் பிரிவு 2019 வரை 8 அங்குல ஃபிளாப்பி வைத்திருந்ததைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். சரி, ஆனால் அங்கே யாரும் அச்சுக்கடை பென்டிரைவைக் கொண்டுவந்து செருக முடியாதே!

எனக்கு அதிகக் கவலை தருவது விண்டோஸ் 7இல் வைஃபை போட்டு பேங்க் வேலை பார்ப்பவர்கள்தான். 2017 மே 12இல் பரவிய, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் அதிகம் பிடித்தது விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களைத்தான். அதற்கான அப்டேட் இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லை. ஒரே நெட்வொர்க்கில் இருந்தாலே போதும், தொற்றிவிடும். விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

அந்த எடைக் கம்ப்யூட்டரை நான் மாற்றச் சொல்லவில்லை. எடை மென்பொருள் எக்ஸ்பியில்தான் ஓடும். இப்போது மாதக் கணக்கைத் தாளில் அச்சடித்து, ஆபீஸில் இன்னொருவர் புதுக் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்கிறார். நகல் எடுக்க ஒரே ஒரு பென்டிரைவ்; சிவப்பு நூல் கட்டி, கிராணி ஐயாவின் மேஜை டிராயரில் பூட்டியிருக்கிறது.