ஸ்பேமைத் தடுக்கப் போய் நல்ல அஞ்சலை இழக்காதீர்கள்

மின்னஞ்சல் சர்வர் பராமரிப்பில் இருக்கும் எங்களுக்கு ஓயாமல் வரும் புகார், "அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்கள், எனக்கு வரவில்லை" என்பதுதான். அண்மையில் அப்படிப் புகார் செய்தவர் பணி நியமனக் கடிதத்துக்காகக் காத்திருந்த ஓர் இளைஞர். சர்வர் லாகை, அதாவது வந்துபோன அஞ்சல்களின் பதிவைத் திறந்து பார்த்தால், கடிதம் உரிய நாளிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. தலைப்பில் 'ஆஃபர்' என்ற சொல் இருக்கும் அஞ்சலை நிரந்தரமாக அழித்துவிடும்படி, ஸ்பேம் எனப்படும் வேண்டாத அஞ்சலைத் தடுப்பதற்காக அவரே தம் மின்னஞ்சலில் ஒரு விதியை எழுதி வைத்திருந்ததால், 'ஆஃபர் லெட்டர்' என்ற தலைப்போடு வந்த அக்கடிதம் அவர் கண்ணில் படாமலே போயிருக்கிறது. அதை ஏற்பதற்கான கெடுவும் முடிந்துவிட்டது. இத்தகைய புகார்களைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பேம் அனுப்புவோர் இப்படிப்பட்ட சொற்களை நேராக எழுதுவதைக் குறைத்துப் பல காலம் ஆகிறது. எழுத்துகளுக்கு நடுவே புள்ளி வைப்பார்கள், ஓர் எழுத்துக்குப் பதிலாக எண்ணைப் போடுவார்கள், முழுச் செய்தியையும் படமாக்கி ஒட்டிவிடுவார்கள். அச்சொல்லை எழுத்துப் பிசகாமல் எழுதுகிறவர்கள் உங்களோடு முறையாகக் கடிதத் தொடர்பு வைத்திருப்பவர்கள். உங்கள் விதியில் முதலில் சிக்குகிறவர்களும் அவர்களே.

இதைவிட எரிச்சலூட்டுவது, அனுப்புநர் முகவரிகளை ஒவ்வொன்றாக பிளாக் செய்துகொண்டே போகும் வழக்கம். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புகிறவர் தாம் சொல்லிக்கொள்ளும் ஆள்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அஞ்சல் உறையின் மூலையில் எவர் பெயரையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாம் அல்லவா, அதே நிலைதான். ஸ்பேமில் நீங்கள் பார்க்கும் முகவரி பெரும்பாலும் இட்டுக்கட்டியதாக இருக்கும், அல்லது இதில் எந்தப் பங்கும் இல்லாத ஒருவரிடமிருந்து திருடியதாக இருக்கும். இன்று நீங்கள் பிளாக் செய்த முகவரி நாளை திரும்ப வரப்போவதே இல்லை. பிளாக் பட்டியல் வளருமே தவிர ஸ்பேம் குறையாது. அந்தப் பட்டியல்களில் சொந்த முகவரியையே பிளாக் செய்துவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜிமெயில் டாட் காம் என்ற டொமைனையே (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பகுதி) மொத்தமாகத் தடுத்துவிட்டு, நண்பர்கள் எவரும் பதில் எழுதுவதில்லை என்று வருந்தியவரும் உண்டு. தெரிந்த ஒருவர் விடாமல் தொல்லை கொடுத்தால் அவரை பிளாக் செய்யுங்கள். அந்த பட்டனுக்கு அதற்கு மேல் பயன் கிடையாது.

அஞ்சல் உண்மையிலேயே அது சொல்லும் டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய சோதனைகள் பிற்காலத்தில் வந்தவை. ஜிமெயிலில் ஓர் அஞ்சலைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' என்பதை அழுத்தினால் இம்மூன்றின் முடிவும் மேலேயே தெரியும். மூன்றிலும் 'பாஸ்' என்றிருந்தால் அஞ்சல் அந்த டொமைனிலிருந்து வந்தது என்று மட்டுமே பொருள்; அனுப்பியவர் யோக்கியர் என்று பொருளல்ல, ஏனெனில் மோசடிக்காரரும் சொந்த டொமைன் வாங்கி இவற்றை முறையாக அமைத்துக்கொள்ள முடியும்.

அன்சப்ஸ்கிரைப், அதாவது அஞ்சல் பட்டியலிலிருந்து விலகும் விஷயத்திலும் குழப்பம் இருக்கிறது. நீங்களே பதிவுசெய்துகொண்ட நிறுவனத்தின் விளம்பரங்கள் சலித்துவிட்டால் அன்சப்ஸ்கிரைப் செய்வதே முறை. ஜிமெயிலும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் கொண்டுவந்த விதிகளின்படி, பெருமளவில் விளம்பர அஞ்சல் அனுப்புவோர் ஒரே சொடுக்கில் விலகும் வசதியைத் தர வேண்டும். அதைச் செய்யாமல் சோம்பலில் 'ஸ்பேம்' என்று குறித்தால், அதே நிறுவனம் அனுப்பும் ரசீதும் அடுத்த முறை ஸ்பேம் ஃபோல்டருக்குப் போகலாம். முன்பின் தெரியாதவர் அனுப்பிய குப்பையில் உள்ள அன்சப்ஸ்கிரைப் இணைப்பை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். இந்த முகவரியில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே அவருக்கு உறுதிசெய்து கொடுப்பதாகிவிடும். அஞ்சலில் உள்ள படம் திறந்தாலும் அதே தகவல் அவருக்குப் போய்ச் சேரலாம்; படங்கள் தானாகத் திறக்காதபடி அமைத்துவைக்கச் சொல்வதும் இதனால்தான்.

விதி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அழிக்கும் விதியாக அது இருக்கவே கூடாது. தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், அங்கே விழுவதைச் சில வாரங்கள் பாருங்கள். முக்கியமானவர்களை கான்டாக்ட்ஸில் சேருங்கள். தவறிப்போய் ஸ்பேமில் விழுந்த நல்ல அஞ்சலைத் திறந்து படித்துவிட்டு அப்படியே விட்டுவிடாமல், 'நாட் ஸ்பேம்' என்று குறியுங்கள். வடிகட்டி உங்கள் விருப்பத்தைக் கற்றுக்கொள்வது அப்போதுதான். ஜிமெயிலில் ஸ்பேம் ஃபோல்டரில் உள்ளவை 30 நாள்களில் தாமாக அழிந்துவிடும் என்பதால், வாரம் ஒரு முறையாவது அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். வழக்கமான தேடலில் அந்த ஃபோல்டர் அடங்காது என்பதை மறந்துவிட்டு, "தேடினேன், இல்லை" என்று சொல்லாதீர்கள். தேடல் விருப்பங்களில் ஸ்பேமையும் டிராஷையும் சேர்த்த பிறகு தேடுங்கள்.

கண்ட படிவத்திலெல்லாம் முதன்மை முகவரியைக் கொடுப்பதையும் நிறுத்துங்கள். ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தாலும் அஞ்சல் உங்களுக்கே வரும். அம்முகவரிக்கு ஸ்பேம் வரத் தொடங்கினால், முகவரி எங்கிருந்து கசிந்தது என்பதை ஊகிக்கலாம், அதற்கு வருவதை மட்டும் தனியே ஒதுக்கவும் செய்யலாம். சில தளங்கள் கூட்டல் குறியை ஏற்பதில்லை. அவற்றுக்கென்று இரண்டாவது முகவரி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.