கன்ட்ரோலர் – கையியக்கி

மெய்நிகர் (விஆர்) விளையாட்டில் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும் உள்ளீட்டுக் கருவி.

நடுக்கால லத்தீனில் 'கொன்ட்ராரொட்டுலுஸ்' என்றால் எதிர்ச்சுருள்: கணக்கை ஒத்துப்பார்க்க வைத்திருக்கும் இன்னொரு படி. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த இந்தச் சொல் முதலில் கணக்குச் சரிபார்ப்பவரைக் குறித்தது. கட்டுப்படுத்துவது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது.

விஆர் கருவிக்குப் பழைய பொருளே பொருந்துகிறது. உள்ளே இருக்கும் முடுக்கமானியும் (வேக மாற்றத்தை அளப்பது) கைரோஸ்கோப்பும் (சுழற்சியை அளப்பது) கை நகர்வை விடாமல் கணக்கிடும். ஆனால் பிழை நொடியில் பெருகிவிடும். மெட்டாவின் குவெஸ்ட் வகையில், கருவியிலுள்ள அகச்சிவப்பு விளக்குகளைத் தலையில் மாட்டும் ஹெட்செட்டின் கேமராக்கள் பார்த்து அந்தக் கணக்கைத் திருத்துகின்றன. அம்பெடுக்க முதுகுக்குப் பின்னால் கையை நீட்டினால் கேமராவுக்குத் தெரியாது. சற்று நேரம் அங்கேயே வைத்திருந்தால் திரையில் கை எங்கோ மிதக்கும். வால்வ் இண்டெக்ஸ் என்ற இன்னொரு ஹெட்செட்டில் இது தலைகீழ்: அறை மூலைப் பெட்டிகள் லேசர் வீச, கருவியிலுள்ள உணரிகள் அதைப் பிடிக்கும்.

வீவக (சிங்கப்பூர் அடுக்குமாடி) வீட்டில் தொல்லை தருவது பெரும்பாலும் வெளிச்சம்தான். சன்னல் வழியே அடிக்கும் மாலை வெயில், அலமாரிக் கண்ணாடி, தீபாவளிக்குத் தொங்கவிட்ட எல்இடி சரம் எல்லாமே கேமராவைக் குழப்பும். திரைச்சீலையை இழுத்துவிட்டு அறை விளக்கைப் போடுங்கள். முழு இருட்டும் ஆகாது. சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஹெட்செட் அமைப்புகளில் டிராக்கிங் (நகர்வைப் பின்தொடரும்) அலைவெண்ணையும் 50இல் வையுங்கள். ரீசார்ஜ் ஏஏ பேட்டரி பெரும்பாலும் 1.2 வோல்ட், சாதாரணமானது 1.5. முழுதாக ஏற்றியும் அளவு குறைவாகக் காட்டினால் அது பழுதல்ல. கையை உயர்த்தினால் இடிக்கும் என்பதால் மின்விசிறிக்கு நேர் கீழே நிற்காதீர்கள்.

தமிழில் 'கட்டுப்படுத்தி' சரிதான், ஆனால் ஏர்கான் ரிமோட்டையும் அப்படிச் சொல்லலாம். 'இயக்கி'யோ டிரைவர் மென்பொருளுக்குப் போய்விட்டது. 'கையியக்கி' என்றால் குழப்பமில்லை.

கார் பந்தயத்துக்கான ஸ்டியரிங், பெடல்கள், விமான விளையாட்டுக்கான ஹோட்டாஸ் (வேகப்பிடியும் ஜாய்ஸ்டிக்கும் சேர்ந்தது) ஆகியவை இதில் சேரா. அவற்றுக்கு 'உள்ளீட்டுக் கருவி' என்ற பொதுப்பெயர் போதும். மேசையில் திருகி இறுக்கிய ஸ்டியரிங்கைக் கேமரா தேடுவதில்லை. ஆனால் திரையில் தெரியும் ஸ்டியரிங்கும் கையிலிருப்பதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இருக்கையில் சாய்ந்து, நேரே பார்த்தபடி, ஆட்டம் தொடங்குமுன் பார்வையை மையப்படுத்துங்கள். இருக்கையை நகர்த்தினால் மறுபடியும்.