பார்க்காத ஆட்டையும் எண்ண வேண்டும்

கணக்கெடுப்பு முடிந்து மலையிலிருந்து இறங்கியதும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "மொத்தம் எத்தனை?" நான் கொஞ்சம் இழுத்தால், "நாலு நாள் மலையில் என்னதான் செய்தாய்?" என்பார்கள். காட்டுயிர்ப் புள்ளிவிவரம்தான் எனக்குச் சோறு போடுகிறது. இருந்தும் அந்தக் கேள்விக்கு ஒற்றை எண்ணைச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

நம் மாநில விலங்கான வரையாட்டையே எடுத்துக்கொள்வோம். 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031. 2025-ல் கேரளத்தோடு ஒரே நேரத்தில் எண்ணியபோது இங்கே 1,303, அங்கே 1,365. நம் பக்கம் மட்டும் ஒரே ஆண்டில் 272 கூடியிருக்கிறது. செய்தியைப் படித்துப் பலரும் மகிழ்ந்தார்கள், நானும்தான். ஆனால் பெட்டை ஆடு ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும். அதோடு 2025-ல் முந்தைய ஆண்டைவிடக் கூடுதல் இடங்களில் தேடினார்கள். அப்படியென்றால் இந்த 272-ல் புதிதாகப் பிறந்தவை எத்தனை? முன்பே அங்கே இருந்து இப்போதுதான் நம் கண்ணில் பட்டவை எத்தனை? இதைப் பிரித்துப் பார்க்காமல் "பெருகிவிட்டது" என்றோ "இல்லை" என்றோ சொல்ல முடியாது.

பிரிப்பதற்கு ஒரு வழி உண்டு. ஒரே பாதையில் இரண்டு பேர் இடைவெளி விட்டு நடப்பார்கள். ஒருவர் பார்த்ததை மற்றவரிடம் சொல்லக் கூடாது. எந்தச் சரிவில், எத்தனை மணிக்கு, கூட்டத்தில் கிடா, பெட்டை, குட்டி எத்தனை என்று அவரவர் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் ஆள் 12 கூட்டம் பார்த்தார், இரண்டாம் ஆள் 10 பார்த்தார், இருவர் தாளிலும் இருப்பவை 6 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் பார்த்த 10-ல் 6 முதலாமவர் கண்ணிலும் பட்டிருக்கிறது. ஆக அவர் கண்ணுக்குச் சிக்குவது நூற்றுக்கு 60. அவர் பார்த்த 12 என்பது அந்த 60 பங்கு என்றால், அங்கே இருப்பது சுமார் 20. இருவரும் சேர்ந்து பார்த்ததோ 16தான். மீதி 4 கூட்டத்தை யாருமே பார்க்கவில்லை, ஆனாலும் கணக்கில் வந்துவிட்டது.

கேட்க அழகாக இருக்கும். புல்வெளியில் நின்றால்தான் வண்டவாளம் தெரியும். முதல் தடவை போனபோது, எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் பாறை விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். அந்த மலையிலேயே வளர்ந்தவர். எனக்குச் சாம்பல் பாறையாகத் தெரிந்ததைக் காட்டி, "சார், அது பாறையில்ல, கிடா. முதுகுல வெள்ளத் திட்டு பாருங்க" என்றார் மெதுவாக. பார்த்தேன், கிடாதான். சந்தோஷமாகத் தாளில் எழுதிக்கொண்டேன். செய்த தப்பு ராத்திரி கணக்குப் போடும்போதுதான் உறைத்தது. அவர் முதல் ஆள், நான் இரண்டாம் ஆள். மேலே சொன்ன கணக்கில் இப்படி மூன்று கூட்டத்தைக் காட்டிக்கொடுத்தால் என் தாளில் 13, பொதுவானது 9. விடை 20-லிருந்து 17-க்கு இறங்கிவிடும். ஆடு ஒன்றும் சாகவில்லை, ஒரு நல்ல மனிதர் உதவி செய்தார், அவ்வளவுதான். அதிலிருந்து, "அண்ணே, புலியே வந்தாலும் எனக்குக் காட்டாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் சிரிப்பார்.

இதே இடத்தில் மூடுபனி இறங்கினால் அரை மணி நேரத்துக்கு எதிர்ச்சரிவே இருக்காது. அந்த அரை மணியையும் எழுத வேண்டும்.

தேடிய விதத்தைச் சோதிக்காமல் எண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகம் இருக்கிறது. காலடித்தடங்களை வைத்துப் புலிகளை எண்ணிவந்த காலம். ஏட்டில் புலிகள் இருந்தன. 2005-ல் தேடியபோது ஒன்றுகூட இல்லை. அதன் பிறகுதான் நாடு முழுக்கத் தானியங்கி கேமராவும் வரிக்கோலத்தை வைத்து ஒவ்வொரு புலியையும் பிரித்தறியும் முறையும் வந்தன. வரையாட்டுக்கு அந்த வசதி இல்லை, உடம்பில் கோலம் கிடையாது.

செடி நகராதே, அதை எண்ணுவது சுலபம் என்பார்கள். எங்கே! பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2018-ல் மலையையே நீலமாக்கியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நடுவில் வரும் வருடங்களில் அதே புதரைத் தாண்டித்தான் நடக்கிறார்கள், பெயர் கேட்டால் தெரியாது. புல்லுக்குள் இருக்கும் தரை ஆர்க்கிட்கள் இன்னும் மோசம். மழைக்குப் பின் சில வாரம் தலைகாட்டிவிட்டு மண்ணுக்குள் போய்விடும். அதனால் அளந்து குறித்த ஒரே சதுர நிலத்துக்கு, ஒரே பருவத்தில், வருடா வருடம் போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரம் புல்வெளிக்குள் எத்தனை அடி நுழைந்திருக்கிறது என்பதும் அப்படிப் போனால்தான் தெரியும்.

தன்னார்வலர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. எங்கே, எவ்வளவு நேரம், எத்தனை பேர் தேடினீர்கள் என்று எழுதுங்கள். பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் காக்கையையும் மைனாவையும் விடாமல் எழுதச் சொல்வது இதற்காகத்தான். அரிய பறவையை மட்டும் எழுதிய பட்டியலில் காக்கை இல்லாதது, காக்கை அங்கே இல்லாததாலா, எழுதச் சோம்பல்பட்டதாலா என்று எனக்கு எப்படித் தெரியும்?

போன முறை ஒரு கல்லூரிப் பையன் வெறும் தாளை நீட்டி, "ஒண்ணும் பாக்கல சார், அதான் எழுதல" என்றான். காலை ஏழு மணியிலிருந்து மதியம் வரை நடந்திருக்கிறான், கால் முழுக்க அட்டைக்கடி. பேனாவைக் கொடுத்து நேரத்தை எழுதச் சொன்னேன். அப்புறம் எண்ணிக்கைக் கட்டத்தில் பெரிதாக ஒரு 0.