ஃபெர்குசன்: நவம்பரில் ஓர் ஊர், ஏப்ரலில் வேறோர் ஊர்

அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரின் வடக்குப் புறநகர்ப் பகுதியில் ஃபெர்குசன் என்னும் சிறு நகரம் உள்ளது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வசித்தவர்கள் 21,203 பேர்; அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கறுப்பினத்தவர். 2012 நவம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் அந்த ஊர் பெருவாரியாக ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமாவுக்கு வாக்களித்தது. ஆயினும் 2014ஆம் ஆண்டின் கோடையில் அதே ஊரின் மேயர் குடியரசுக் கட்சியைச் சார்ந்த வெள்ளையராகவும், நகரமன்றத்தின் ஆறு உறுப்பினர்களில் ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவராகவும் இருந்தனர். அந்த ஆகஸ்ட் 9 அன்று மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் இந்த முரண்பாடு உலகின் கண்ணில் பட்டது. கள்ள வாக்கோ வாக்குரிமை மறுப்போ இல்லாமலேயே ஊரின் மனச்சாய்வு ஒரு பக்கமும் ஆட்சி மறு பக்கமும் நிற்க முடிந்ததற்கு, தேர்தல் நடக்கும் மாதம் ஒரு முக்கியக் காரணம்.

மிசோரியில் நகரமன்றத் தேர்தல்கள் ஏப்ரல் மாத முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமையில் நடக்கின்றன. நவம்பரில் தொலைக்காட்சி விளம்பரமும் வீடு வீடாகச் செல்லும் கட்சித் தொண்டர்களும் வாக்காளரைத் தட்டி எழுப்புகிறார்கள். ஏப்ரலில் அவை எதுவும் இல்லை. வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சிப் பெயரும் இருக்காது என்பதால், பெயர்களை முன்பே அறிந்திராதவருக்கு எவர் தம் கருத்துக்கு நெருக்கமானவர் என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை. பட்டியலில் பெயர் சேர்ப்பதும் குடிமகனின் சொந்தப் பொறுப்பு. மிசோரியில் புதிதாகப் பதிவு செய்ய விரும்புபவர் தேர்தலுக்கு முந்தைய நான்காம் புதன்கிழமைக்குள் அதை முடித்தாக வேண்டும். இவை எல்லோருக்கும் பொதுவான விதிகளே. ஆனால் சொந்த வீட்டில் பல்லாண்டாக வாழும் முதியவரைவிட, அடிக்கடி வீடு மாறும் இளம் வாடகைக் குடும்பத்தையே அவை கூடுதலாகத் தடுக்கின்றன. ஃபெர்குசனில் முதல் வகையினரில் வெள்ளையரும் இரண்டாம் வகையினரில் கறுப்பினத்தவரும் மிகுதி.

இதன் விளைவைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. 2012 நவம்பரில் ஃபெர்குசனின் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் வாக்களித்தனர் என்று அரசியல் ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். 2013 ஏப்ரலிலோ தகுதியுள்ள வெள்ளையரில் சுமார் 17 விழுக்காட்டினரும், கறுப்பினத்தவரில் சுமார் 6 விழுக்காட்டினரும் மட்டுமே வந்தனர். ஆயிரம் வாக்காளரில் 670 பேர் கறுப்பினத்தவர், 330 பேர் வெள்ளையர் என்று வைத்துக்கொண்டால், சாவடிக்கு வருபவர்கள் முறையே 40 பேரும் 56 பேரும் ஆவர். ஊரில் மூன்றில் ஒரு பங்காக இருப்பவர்கள் சாவடியில் பெரும்பான்மை ஆகிவிடுகிறார்கள். எவரும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை; வந்தவர்களின் கலவைதான் மாறியது.

வாக்கு இரகசியமானது, பிறகு இந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன? யாருக்கு வாக்களித்தார் என்பதே இரகசியம்; வாக்களித்தாரா என்பது அமெரிக்காவில் பட்டியலில் பதிவாகிறது. மிசோரியின் பட்டியல் இனத்தைக் குறிப்பதில்லை. ஆகவே ஒருவரின் பெயரையும், அவர் வசிக்கும் தெருவின் மக்கள்தொகைக் கணக்கையும் இணைத்து, அவர் எந்த இனத்தவராக இருக்கக்கூடும் என்பதை நிகழ்தகவாகக் கணிக்கிறார்கள். தனி மனிதர் விஷயத்தில் இந்த ஊகம் தவறலாம். ஆயிரக்கணக்கானோரைக் கூட்டும்போது பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. அப்படியும் இவை மதிப்பீடுகளே என்பதால், ஓரிரு விழுக்காட்டு வேறுபாட்டில் பொருள் தேடக் கூடாது. ஆறுக்கும் பதினேழுக்கும் உள்ள இடைவெளி அத்தகையதன்று.

இது வெறும் பிரதிநிதித்துவக் கணக்கு அல்ல. நகர மேலாளரை நியமிப்பது நகரமன்றம். காவல்துறை அந்த மேலாளரின் கீழ் இயங்குகிறது. 2015 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 நிதியாண்டில் 1.33 கோடி டாலர் அளவிலான நகர வருவாயில் ஏறக்குறைய 31 லட்சம் டாலரை அபராதங்களிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும் எதிர்பார்த்திருந்தார்கள். காவலர்களால் நிறுத்தப்பட்ட வாகன ஓட்டிகளில் 85 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அபராதம் கட்டியவர்களில் பெரும்பாலோர், அதை விதிக்கும் ஆட்சியைத் தேர்ந்தெடுத்த ஏப்ரல் கூட்டத்தில் இல்லாதவர்கள். இந்தச் சுமையை அவர்களுடைய அக்கறையின்மைக்குக் கிடைத்த கூலி என்று சொல்வது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். 2014 ஏப்ரலில் மேயர் பதவிக்குப் போட்டியிட்டவரே ஒருவர்தான்.

2015 ஏப்ரலில் வாக்குப்பதிவு முந்தைய ஆண்டின் சுமார் 12 விழுக்காட்டிலிருந்து 30ஐ நெருங்கியது. நகரமன்றத்தில் கறுப்பின உறுப்பினர்கள் மூவராயினர். உலகமே திரும்பிப் பார்த்த ஓர் ஊரில்கூட பத்தில் ஏழு பேர் வரவில்லை என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

நகரத் தேர்தலை நவம்பருக்கு மாற்றினால் என்னவாகும் என்பதற்குப் பெரிய நகரம் ஒன்று சான்று தருகிறது. பால்டிமோர் தன் தேர்தலைக் குடியரசுத் தலைவர் தேர்தலோடு இணைத்தபோது, பதிவு பெற்ற வாக்காளரில் வாக்களித்தோர் 2011இல் இருந்த சுமார் 13 விழுக்காட்டிலிருந்து 2016இல் 60ஐ எட்டினர். கலிபோர்னியா 2015இல் இயற்றிய சட்டம், வாக்குப்பதிவு மிகவும் குறைந்த நகரங்களை மாநிலத் தேர்தல் நாளுக்கு மாறச் சொன்னது. எதிர்வாதமும் உண்டு: நீண்ட வாக்குச்சீட்டின் அடியில் உள்ளூர்ப் பிரச்சினைகள் புதைந்துபோகும் என்கிறார்கள். தனித் தேர்தல் நாளை விரும்பிய நூறாண்டுக்கு முந்தைய சீர்திருத்தவாதிகள், கட்சித் தலைவர்களின் பிடியிலிருந்து நகராட்சியைக் காக்கவே அதைக் கேட்டதாகக் கூறினர். ஆனால் அரசியல் அறிவியலாளர் சாரா ஆன்சியாவின் ஆய்வுகள், தனித் தேர்தல் நாள்களில் ஒழுங்குற அமைந்த சிறு குழுக்களின் செல்வாக்கே கூடுகிறது என்று காட்டுகின்றன. புதைந்துபோகும் வாக்குச்சீட்டைவிட வராத வாக்காளரே பெரிய இழப்பு என்பது என் எண்ணம்.

2015இல் ஃபெர்குசன் நகரமன்றத்துக்குத் தேர்வான எல்லா ஜோன்ஸ் (Ella Jones) என்ற பெண்மணி 2017இல் மேயர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். 2020இல் மீண்டும் நின்று, ஊரின் முதல் கறுப்பின மேயரானார். அந்த ஆண்டு பெருந்தொற்றால் தேர்தல் ஜூன் 2ஆம் நாளுக்குத் தள்ளிப்போயிருந்தது. அதன் பிறகு அது பழையபடி ஏப்ரலுக்கே திரும்பிவிட்டது.