செவ்வாய்க்கிழமை செக்கப்பில் வெள்ளைப்படுதலையும் பார்ப்பார்களா?

தமிழ்நாட்டில் பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாள். எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர் என்று வரிசையாகப் பார்த்து அனுப்புவார்கள். 'எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு' என்று வீடு திரும்புகிறவர்கள் வெள்ளைப்படுதலும் அதில் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடக்கமில்லை.

கேட்காமலே நடப்பது ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி., சிபிலிஸ் என்ற பால்வினை நோய், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி மூன்றும் தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடியவை என்பதால் கர்ப்பம் பதிவானதும் பார்க்கிறார்கள். எச்.ஐ.வி. டெஸ்டுக்கு உங்கள் சம்மதம் வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆலோசனைக்கு நம்பிக்கை மையம் இருக்கிறது. சிபிலிஸ் என்றால் பென்சிலின் ஊசி, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பிறப்புறுப்பிலிருந்து பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுப்பது வேறு கதை. தொந்தரவு இல்லாத எல்லாக் கர்ப்பிணிக்கும் அதைச் செய்யும் வழக்கம் நம் அரசு மருத்துவமனைகளில் இல்லை. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போய்வந்த அம்மாக்கள், 'அங்கே ஒன்பதாம் மாதம் குச்சி வைத்து எடுத்தார்களே' என்பார்கள். அது குரூப் பி ஸ்ட்ரெப் என்ற ஒரு கிருமிக்கான டெஸ்ட். 36, 37-ஆவது வாரத்தில் எடுப்பார்கள். பிரிட்டனில்கூட அதை எல்லோருக்கும் எடுப்பதில்லை.

ஆக, இங்கே நீங்கள் வாய் திறந்து சொன்னால்தான் பார்ப்பார்கள். கர்ப்பத்தில் வெள்ளை கொஞ்சம் கூடுவது சகஜம். பால் போல, கெட்ட வாடை இல்லாமல் இருந்தால் பயமில்லை. பிறப்புறுப்பின் உள்ளே இருக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல கிருமி, தயிர்க் கிருமிக்கு உறவுதான், புளிப்பு உண்டாக்கி மற்ற கிருமிகளை அண்டவிடாது. அது குறைந்தால் மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்க்கப் போகும். இந்தத் தொற்றுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் தொடர்பு உண்டு. தயிர்த் திப்பி போல வந்து அரித்தால் பெரும்பாலும் பூஞ்சை. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்தால் உடலுறவில் தொற்றும் டிரைக்கோமோனாஸ் என்ற கிருமியாக இருக்கலாம். அதற்குக் கணவரும் மாத்திரை போட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வரும்.

டாக்டரிடம் சொல்லக் கூச்சமா? கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்: எத்தனை நாளாக, என்ன நிறம், வாடை உண்டா, அரிப்பு உண்டா. இவ்வளவு போதும்.

செலவு? 2011 முதல் நடப்பில் இருக்கும் ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதினால், 'இங்கே கிடைக்காதா?' என்று கேட்கலாம், தப்பில்லை.

ஒரு எச்சரிக்கை. வெள்ளைப்படுதலுக்கு அரசு மருத்துவமனையில் பச்சை நிற மருந்துப் பொட்டலம் தருவது உண்டு. அதில் இருக்கும் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரை கர்ப்பிணிக்கு ஆகாது. பக்கத்து வீட்டு அக்கா மிச்சம் வைத்ததை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கர்ப்பிணி என்று சொன்னால் பூஞ்சைக்குப் பிறப்புறுப்பின் உள்ளே வைக்கும் மாத்திரை தருவார்கள்.

அப்புறம், பாவாடை நனையும் அளவுக்குத் தண்ணீராகப் போனால் அதை வெள்ளை என்று நினைத்துச் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்காதீர்கள். பனிக்குடம் உடைந்திருக்கலாம், உடனே 108-ஐ அழையுங்கள்.