கேத்தலின் வெள்ளைப் படிவும் முற்றத்து மீன்தொட்டியும்

வன்னியில் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த எவருக்கும் கேத்தலின் அடியில் ஒட்டிக்கொள்ளும் வெள்ளைப் படிவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. தேநீருக்காக நீர் கொதிக்கும்போது, அதில் கரைந்திருக்கும் கல்சியம் இருகாபனேற்று பிரிந்து, காபனீரொட்சைட்டை வெளியே விட்டுவிட்டுக் கல்சியம் காபனேற்றாகப் படிகிறது. அதைச் சுரண்டுவதும், புளி கரைத்து ஊறவைப்பதும், "எங்கட தண்ணி சரியில்லை" என்று சலித்துக்கொள்வதும் வீடுகளில் வழக்கம். குடிப்பதற்கு அது தொல்லைதான். ஆயினும் அதே கிணற்றிலிருந்து நீர் இறைத்து முற்றத்தில் மீன் வளர்ப்பவருடைய மீன்கள், அப்படிவாக மாறுகின்ற இருகாபனேற்றின் தயவில்தான் பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன.

முற்றத்தில் உள்ளதைக் "குளம்" என்று எழுதக் கை வரவில்லை. இரணைமடுவையும் முத்தையன்கட்டையும் குளம் என்று அழைக்கும் ஊரில், சீமெந்தால் கட்டியதோ தறப்பாள் விரித்ததோ ஆன 2,000 லீற்றர் நீருக்கு அப்பெயரைச் சூட்டினால் அயலவர் சிரிப்பார்கள். ஆகவே தொட்டி என்றே சொல்கிறேன். அளவைத் தவிர வேறொரு வேறுபாடும் உண்டு. பெரிய குளத்தில் மீனின் கழிவு கடலில் கரைத்த பெருங்காயமாகப் போய்விடும். தொட்டியிலோ, போட்ட தீனி ஒவ்வொன்றுக்கும் நீர் கணக்குச் சொல்லியாக வேண்டும்.

அந்தக் கணக்கு அமோனியாவில் தொடங்குகிறது. தீனியிலுள்ள புரதத்தில் ஏறக்குறைய 16 வீதம் நைத்திரசன். அதில் உடல் வளர்ச்சிக்குச் சேராத பகுதியை மீன் பெரும்பாலும் செவுள் வழியாக அமோனியாவாக வெளிவிடுகிறது. 30 வீதப் புரதமுள்ள தீனி 100 கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் அமோனிய நைத்திரசன் நீரில் சேரும் என்று கொள்ளலாம். நாளுக்கு 10 கிராம் தீனி போடும் வீட்டில், 2,000 லீற்றர் தொட்டியில், லீற்றருக்கு 0.15 மில்லிகிராம் அமோனியா தினமும் ஏறுகிறது. இது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் எதுவும் அதை அகற்றாவிட்டால் ஒரு கிழமைக்குள் லீற்றருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டிவிடும். மீன் தின்னாமல் விட்ட தவிடும், புண்ணாக்கும், பிள்ளைகள் அன்போடு பிய்த்துப் போடும் பாண் துண்டுகளும் அழுகும்போது இதற்குமேல் தம் பங்கைச் சேர்க்கும்.

நீரில் அமோனியா இரண்டு வடிவங்களில் இருக்கிறது. ஒன்று மின்னேற்றமில்லாத அமோனியா மூலக்கூறு; அது செவுளின் மெல்லிய தோலை எளிதாகக் கடந்து குருதியில் நுழையும் நஞ்சு. மற்றது ஓர் ஐதரசன் அயனைப் பற்றிக்கொண்ட அமோனியம் அயன். அது அவ்வளவு எளிதில் உள்ளே புகாது. சந்தையில் கிடைக்கும் துளிச் சோதனைப் பொதிகள் இவ்விரண்டின் கூட்டுத்தொகையையே காட்டுகின்றன. எந்த வடிவம் எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை நீரின் அமில, கார நிலையைக் காட்டும் பி.எச். பெறுமானமும் வெப்பநிலையும் ஆகும். லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் அமோனியா உள்ள தொட்டியில், விடியற்காலையில் பி.எச். 7.2, வெப்பநிலை 26 பாகை செல்சியசு என்றால், நஞ்சு வடிவம் ஒரு வீதத்துக்கும் குறைவு, மீன்கள் பொருட்படுத்தமாட்டா. அதே தொட்டி ஆவணி மாதப் பிற்பகலில் 32 பாகைக்குச் சூடேறிப் பி.எச். 9 ஆகும்போது, அதே அமோனியாவில் ஏறத்தாழ 48 வீதம் நஞ்சாக மாறியிருக்கும். ஒரு துளியும் புதிதாகச் சேராமலே நஞ்சு 50 மடங்கு கூடிவிடுகிறது. காலையில் சோதித்துவிட்டு "தண்ணீர் நல்லாயிருக்கு" என்று போனவர் மாலையில் மீன்கள் மேலே வந்து தடுமாறுவதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

பி.எச். ஒரு நாளுக்குள் இப்படி ஏறுவதற்குக் காரணம் பாசி. பச்சை நிறமாகிய நீரில் நுண்பாசிகள் பகல் முழுவதும் ஒளித்தொகுப்புச் செய்து காபனீரொட்சைட்டை உறிஞ்சுகின்றன. நீரில் கரைந்த காபனீரொட்சைட்டு மென்னமிலமாகச் செயற்படுவதால், அது குறையக் குறையப் பி.எச். ஏறும், இரவில் எல்லாமே சுவாசிப்பதால் அது மீண்டும் இறங்கும். இருகாபனேற்று நிறைந்த நீரில் இந்த ஊசல் 7.5 க்கும் 8.5 க்கும் இடையில் அடங்கிவிடக்கூடும். இருகாபனேற்று குறைந்த மழைநீரில் அதே பாசி 6.5 க்கும் 9.5 க்கும் இடையில் ஆட்டிவைக்கும். கேத்தலில் படியும் பொருளின் முதல் உபகாரம் இந்தத் தாங்கற் செயல். தொட்டியின் பாதிக்கு மேல் கிடுகு வேய்ந்து நிழல் கொடுப்பது, விலையுயர்ந்த எந்த மருந்தையும்விடப் பாசியையும் சூட்டையும் ஒன்றாகக் கட்டுப்படுத்தும். ஆம்பலின் மிதக்கும் இலைகளும் இதையே செய்யும். ஆகாயத்தாமரையை மட்டும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அது நைத்திரசனை நன்றாக உறிஞ்சும் என்பது உண்மைதான், ஆனால் மழை வெள்ளத்தில் தொட்டியிலிருந்து வாய்க்காலுக்கும் வாய்க்காலிலிருந்து குளத்துக்கும் போய்விட்டால் பிறகு பிடுங்கி மாளாது. இச்செடியைத் தடுக்க இலங்கையில் 1909 ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

அமோனியாவை நிரந்தரமாக அகற்றுபவை பற்றீரியாக்கள். ஒரு கூட்டம் அமோனியாவை நைத்திரைற்றாகவும், மற்றொரு கூட்டம் நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இவை நீரில் மிதந்து திரிவதைவிடக் கல், சுவர், வடிகட்டியிலுள்ள உடைந்த ஓட்டுத் துண்டுகள் ஆகியவற்றின் மேற்பரப்பில் வழுவழுப்பான படலமாக ஒட்டி வாழ்வதையே விரும்பும். புதுத் தொட்டியில் அவை போதிய அளவு பெருகப் பொதுவாக 4 முதல் 6 கிழமை வரை எடுக்கும். பழைய தொட்டி ஒன்றிலிருந்து கையளவு சரளைக்கல் கொண்டுவந்து போட்டால் அக்காலம் குறையும். வடிகட்டியைக் குழாய் நீரின் குளோரீனால் "சுத்தமாக" கழுவுவது அந்தக் குடியிருப்பையே அழிப்பதாகும். தொட்டியிலிருந்து ஒரு வாளி நீர் எடுத்து அதில் அலசினால் போதும். இடைநிலையில் நைத்திரைற்று தேங்கினால் அது குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாத கபில நிறப் பொருளாக மாற்றும். குளோரைட்டு அயன் நைத்திரைற்று செவுளில் நுழைவதைத் தடுப்பதால், 1,000 லீற்றருக்கு 1 கிலோகிராம் கறியுப்பு தாராளமான காவல். கிணறு சற்று உவர்ப்பாக உள்ள கரையோர வீடுகளுக்கு அக்காவல் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

இப்பற்றீரியாக்கள் கூலி கேட்கும். ஒரு கிராம் அமோனிய நைத்திரசனை நைத்திரேற்றாக்க அவை சுமார் 4.6 கிராம் ஒட்சிசனைச் செலவிடுகின்றன. அதோடு அவ்வினையில் வெளியாகும் அமிலம், கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால், சுமார் 7 கிராம் காரத்தன்மையை, அதாவது அமிலத்தைத் தாங்கும் இருகாபனேற்றின் கையிருப்பை, தின்றுவிடுகிறது. நமது 2,000 லீற்றர் தொட்டியில் நாளுக்கு 0.3 கிராம் நைத்திரசன் என்றால் 2 கிராமுக்குச் சற்று மேற்பட்ட காரத்தன்மை தினமும் கரைகிறது. லீற்றருக்கு 100 மில்லிகிராம் காரத்தன்மையுள்ள கிணற்று நீரால் நிரப்பியிருந்தால் கையிருப்பு 200 கிராம். அது ஏறத்தாழ மூன்று மாதம் தாங்கும். லீற்றருக்கு 30 மில்லிகிராமே உள்ள நீரானால் ஒரு மாதத்தில் பெட்டி காலி. கேத்தற் படிவின் இரண்டாவது உபகாரம் இதுவே. அது தீர்ந்தபின் நடப்பதைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

காரத்தன்மை தீர்ந்ததும் பி.எச். 6 ஐ நோக்கிச் சரிகிறது, அந்த அமிலத்தில் பற்றீரியாக்கள் வேலையை நிறுத்துகின்றன, அமோனியா தேங்குகிறது. ஆனால் பி.எச். தாழ்ந்திருப்பதால் தேங்கிய அமோனியா முழுவதும் ஏறக்குறைய தீங்கற்ற அமோனியம் அயனாகவே இருக்கும். மீன்கள் சோர்ந்திருக்குமே தவிரச் சாகமாட்டா. இந்த நேரத்தில் "அமிலம் கூடிப்போச்சு" என்று யாரேனும் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால், பி.எச். சில நிமிடங்களில் 9 ஐத் தாண்டி, தேங்கியிருந்த அமோனியாவில் பாதியோ அதற்கு மேலோ ஒரேயடியாக நஞ்சாகிவிடும். நோயைவிட மருந்து கொன்றது என்பார்களே, அது இரசாயனப்படி சரியாக நடக்கும் இடம் இது. முதலில் கால்பங்கு நீரை இரண்டு மூன்று நாட்களாக மாற்றி அமோனியாவைக் குறைக்க வேண்டும். காரத்தன்மையை ஏற்றுவது அதன் பிறகு, மெதுவாக.

மெதுவாக ஏற்ற இரண்டு பொருள்கள் போதும். கடையில் விற்கும் அப்பச்சோடா, அதாவது சோடியம் இருகாபனேற்று, பி.எச். பெறுமானத்தை 8.3 அளவுக்கு மேல் தானாகக் கொண்டுபோகாது. 1,000 லீற்றரில் காரத்தன்மையை லீற்றருக்கு 50 மில்லிகிராம் உயர்த்த 84 கிராம் தேவை, அதையும் சில நாட்களுக்குப் பிரித்துப் போடலாம். மற்றது கரையில் பொறுக்கி நன்கு கழுவிய சிப்பி, மட்டி ஓடுகள். அவை நீர் அமிலமாகும்போது கூடுதலாகவும், பி.எச். 8 ஐ அண்மிக்கும்போது மிகக் குறைவாகவும் கரைவதால், கணக்குப் பார்க்காமலே ஒரு வலைப்பையில் கட்டி வடிகட்டியின் வாயில் தொங்கவிடலாம்.

இனி ஒட்சிசன். 25 பாகையில் நன்னீர் லீற்றருக்கு சுமார் 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைத் தாங்கும். 32 பாகையில் அது 7.3 அளவுக்கு இறங்குகிறது. சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது. இரவு முழுவதும் பாசியும் மீனும் பற்றீரியாவும் சேர்ந்து உறிஞ்சுவதால் மிகக் குறைந்த அளவு விடிவதற்குச் சற்று முன்னரே இருக்கும். வெயிலில் மட்டும் ஓடும் சூரியகலப் பம்பிகள் பார்வைக்கு அழகுதான். ஆனால் நீருக்குக் காற்று மிகவும் வேண்டிய நேரத்தில் அவை உறங்குகின்றன. மின்கலம் இணைக்காத பம்பி ஒன்றை வாங்கி இதை நானும் காசு கொடுத்துக் கற்றேன். ஐப்பசியில் முதல் மழைக்கு முந்திய இரண்டு நாள் வானம் மூடிக் கிடந்தது. பாசி பகலில் ஒட்சிசன் தரவில்லை. மூன்றாம் நாள் மழை, கூரையில் ஆறு மாதம் சேர்ந்த இலைச்சருகையும் தூசியையும் தொட்டிக்குள் கழுவி விட்டது. விடிய எழும்பிப் பார்த்தபோது ஒன்பது தங்கமீன்கள் மிதந்தன. முதல் மழையின் பீலி நீரைத் தொட்டிக்கு வெளியே திருப்பிவிட ஒரு முழத் துண்டுக் குழாய் போதுமாயிருந்தது.

கோடையின் சிக்கல் வேறு. சோளகக் காற்றில் நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் தங்கிவிடுகின்றன. குறைந்த நீரைக் கிணற்றிலிருந்து நிரப்பிக்கொண்டே இருந்தால் நான்கு மாதத்தில் தொட்டி கிணற்றைவிட நன்றாகவே உவராகிவிடும். எனவே கிழமைக்கு ஒருமுறை 10 முதல் 20 வீதத்தை இறைத்து வெளியேற்றிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். வெளியேற்றிய நீரிலுள்ள நைத்திரேற்றை வாழைப் பாத்தி நன்றியோடு ஏற்றுக்கொள்ளும். கிணற்று நீரில் ஒட்சிசன் குறைவு, காபனீரொட்சைட்டு மிகுதி. ஆதலால் குழாயை நீருக்குள் அமிழ்த்தாமல் உயரத்திலிருந்து சிதறி விழவிடுவது நல்லது. வெள்ளத்துக்குப் பின் குளோரீன் இட்ட கிணறாயின் நீரை அகன்ற பாத்திரங்களில் ஓரிரு நாள் வெயிலில் வைத்த பின்னரே சேர்க்க வேண்டும்.

கேத்தலைச் சாட்சிக்கு அழைக்கும்போதும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நீரில் கரைந்த கல்சிய, மகனீசிய உப்புகளால் வரும் வன்மையில், கொதிக்கையில் படிவது இருகாபனேற்றோடு சேர்ந்த பகுதி மட்டுமே. சுண்ணக்கல்லின் மேல் அமைந்த பூநகரி, மன்னார்க் கரைப்பக்கக் கிணறுகளில் அது தாராளம். கடல்நீர் கசிந்த கிணற்றிலோ கல்சியமும் மகனீசியமும் குளோரைட்டோடு சேர்ந்திருக்கலாம். அந்நீரில் சவர்க்காரம் நுரைக்காது, ஆயினும் அதன் அளவுக்குக் கேத்தலில் படிவும் வராது, தாங்கும் வலுவும் இராது. வவுனியாப் பக்கத்துப் பழைய பாறைகளின் கிணறுகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். மார்கழி மழையில் தொட்டி நிரம்பி வழிந்தபின் எந்தக் கிணற்றுக் கணக்கும் செல்லாது. நிற்பது பெரும்பாலும் மழைநீரே. ஆகவே கார்த்திகை தொடக்கம் தை வரை சிப்பிப் பையைப் புதுப்பித்துவிட்டு, பி.எச். பெறுமானத்தை விடியவும் பொழுதுபடவும் அளந்து, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை நாட்காட்டியில் குறித்து வருகிறேன். அது ஒன்றைத் தாண்டும் கிழமையில் தீனியைப் பாதியாகக் குறைத்து, அப்பச்சோடாப் பொதியைத் திறக்கிறேன்.